‘வலிக்காது மக்களே’: பிள்ளைகளுக்கு ஊசி போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன புதன்கிழமை தடுப்பூசி நாளில், பயிற்சிக்கு வந்திருந்த பெண் ஐந்து வயதுப் பிள்ளை ஒன்றிடம் ‘வலிக்காது மக்களே’ என்றாள் (எங்கள் பக்கம் பிள்ளைகளைச் செல்லமாக ‘மக்களே’ என்றுதான் கூப்பிடுவோம்). எனக்குத்தான் சுருக்கென்றது. நர்ஸ் வேலைக்கு வந்த புதிதில் நான் சொன்ன அதே பொய். கை கழுவுவது, சீட்டைச் சரிபார்ப்பது எல்லாம் வகுப்பிலேயே சொல்லியிருப்பார்கள், அதை விடுகிறேன்.

வலிக்காது என்று சொல்வது

குளச்சல் பக்கமிருந்து நாய் கடித்த பையன் ஒருவன் வந்தான், நாலு வயது. வெறிநாய்க்கடித் தடுப்பூசியை அன்றே தொடங்கி 3, 7, 28-ஆம் நாட்களிலும் போட வேண்டும். தோலுக்குள் போடும் முறையில் ஒவ்வொரு தடவையும் கைக்கு ஒன்றாக இரண்டு குத்து. ‘எறும்பு கடிக்குற மாதிரிதான்’ என்றேன். நம்பிக் கையை நீட்டினான்.

மூன்றாம் நாள் வாசல் கம்பியை விடவே இல்லை. தாத்தா ஒவ்வொரு விரலாகப் பிரித்துத் தூக்கி வந்தார். ஏழாம் நாள் ஆளையே காணோம். ‘ரெண்டு தடவை போட்டாச்சுல்லா, பிள்ளை பயப்படுதான்’ என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். போன் போட்டுக் கெஞ்சி, இரண்டு நாள் தள்ளித்தான் வரவழைக்க முடிந்தது. வெறிநோய் அறிகுறி தெரிந்தபிறகு பிழைப்பது அபூர்வம். நினைத்தால் இப்போதும் என்மேலேயே எரிச்சல் வருகிறது.

இப்போது நான் சொல்வது: ‘சுருக்குன்னு வலிக்கும். அஞ்சு எண்ணுறதுக்குள்ள முடிஞ்சிரும். அழணும்னா அழு, கைய மட்டும் அசைக்காத. முதல்ல எந்தக் கை?’ ஊசி போடலாமா என்று கேட்காதீர்கள், வேண்டாம் என்றுதான் சொல்லும். எந்தக் கை என்று கேட்டால் இரண்டு தோளையும் மாறி மாறித் தடவிப் பார்க்கும். அந்த யோசனையில் அழுகை கொஞ்சம் தள்ளிப்போகும். சில பிள்ளைகள் அப்போதும் ஊரைக் கூட்டும், சரி, கூட்டட்டும்.

‘ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல’ என்று அம்மா பதறிப் பதறிச் சொல்வதும் இந்த ரகம்தான். ஒன்றுமில்லை என்றால் ஏன் இத்தனை தடவை?

படுக்க வைத்து அமுக்குவது

வேண்டாம். அம்மா மடியில் நிமிர்ந்து உட்காரட்டும்.

பால் குடிக்கும் குழந்தையைப் பிரிப்பது

குடிக்கும்போதே போடலாம்.

‘சேட்டை பண்ணினா சிஸ்டர் ஊசி போட்ருவாங்க’

இது வீட்டில் இருப்பவர்களுக்கு. மார்த்தாண்டம் சந்தையில் என்னைப் பார்த்ததும் ஒரு பிள்ளை அம்மா சேலைக்குள் ஒளிந்துகொண்டது. நான் மரச்சீனிக் கிழங்கு வாங்கப் போயிருந்தேன்.