சிசாட் பத்தி வினா: கடைசி இரண்டு ஆப்ஷனில் மாட்டிக்கொண்டால்

யூபிஎஸ்சி (மத்தியத் தேர்வாணையம்) நடத்தும் சிவில் சர்வீஸ் தேர்வின் முதல்நிலையான பிரிலிம்ஸை முதல் முறை எழுதியபோது, அதன் இரண்டாம் தாளான சிசாட்டில் (திறனறித் தாள்) என்னைக் கவிழ்த்தது கணக்கு அல்ல, பத்தி வினாக்கள். இரண்டு ஆப்ஷனைச் சுலபமாக அடித்துவிடுவேன். மிச்சமிருக்கும் இரண்டில் பெரும்பாலும் தவறானதை எடுப்பேன். 200 மார்க்குக்கு 33 சதவீதம் எடுத்தால் போதும் என்று பலரும் இந்தத் தாளைக் கடைசி வாரத்துக்குத் தள்ளுகிறார்கள். தயவுசெய்து தள்ளாதீர்கள்.

படி 1. பத்தியை முதலில் படியுங்கள், கேள்வியை அப்புறம். கேள்வியை முதலில் படிக்கச் சொல்வது நீளமான பத்திகளுக்குச் சரி. சிசாட் பத்திகள் சின்னவை.

படி 2. கேட்பது க்ரக்ஸா (மையக்கருத்து), இன்ஃபரன்ஸா (பத்தியிலிருந்து பெறும் முடிவு), அசம்ப்ஷனா (வாதம் சொல்லாமலே எடுத்துக்கொண்ட கருத்து) என்று பார்த்து அந்தச் சொல்லை வட்டமிடுங்கள்.

படி 3. நான் விழுந்த இடம் இதுதான், நிதானமாகப் பாருங்கள். தேர்வில் பத்தி ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் வரும். புரிவதற்காகத் தமிழில் ஒன்று எழுதியிருக்கிறேன்:

*ஏரியில் வண்டல் படியப் படியக் கொள்ளளவு குறையும். முன்பு விவசாயிகள் கோடையில் அந்த வண்டலை வெட்டி வயலுக்கு உரமாகக் கொண்டுபோனார்கள். ரசாயன உரம் வந்தபின் பல ஊர்களில் அந்தப் பழக்கம் நின்றது.*

இதிலிருந்து பெறக்கூடிய முடிவு எது?

அ) ரசாயன உரம் மண்வளத்தைக் கெடுக்கிறது.
ஆ) ரசாயன உரத்தால்தான் ஏரிகள் எல்லாம் தூர்ந்தன.
இ) வயலுக்கு வண்டல் எடுத்தது ஏரியின் கொள்ளளவைக் காக்கவும் உதவியது.
ஈ) ஏரிகளைத் தூர்வார அரசு நிதி ஒதுக்க வேண்டும்.

‘ஈ’ நல்ல யோசனை, ஆனால் பத்தி யோசனை எதுவும் சொல்லவில்லை. ‘ஆ’வில் ‘தான்’, ‘எல்லாம்’ இரண்டும் பத்தியைத் தாண்டிப் போகின்றன. பத்தி சொன்னது ‘பல ஊர்களில்’ என்று மட்டும். மிச்சம் அ, இ. நான் ‘அ’வைத்தான் எடுத்திருப்பேன், ஏனென்றால் அது நாம் வெளியே அடிக்கடி கேட்டுப் பழகிய கருத்து. ஆனால் பத்தியில் மண்வளம் பற்றி ஒரு சொல்கூட இல்லை. ‘இ’ பத்தியில் அப்படியே எழுதப்படவில்லை, அதனால் கை தயங்கும். முதல் இரண்டு வாக்கியங்களைச் சேர்த்தால் அது தானாக வந்துவிடுகிறது.

எனவே ‘எது நன்றாக இருக்கிறது’ என்று கேட்காதீர்கள். இரண்டு ஆப்ஷனிலும் பத்தியில் ஆதாரம் இல்லாத சொல்லைத் தேடி அடிக்கோடிடுங்கள். அடிக்கோடு விழுந்தது போகட்டும்.

பயிற்சிக்கு: யூபிஎஸ்சி இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும் பழைய வினாத்தாள்கள் போதும். கைடு புத்தகங்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவற்றில் பல பத்திகளின் ஆப்ஷன்கள் மேலோட்டமானவை. அசல் தாளின் நுணுக்கம் பழகாது.

பின்சேர்க்கை: இந்த அடிக்கோடு உத்தி அசம்ப்ஷன் கேள்விக்கு உதவவில்லை என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். உண்மைதான். அசம்ப்ஷன் பத்தியில் எழுதப்பட்டிருக்காது, அதனால் அடிக்கோடு எல்லாவற்றிலும் விழும். அங்கே ஆப்ஷனைத் தலைகீழாக்கிப் பாருங்கள். ‘வண்டலை விவசாயிகளுக்கு இலவசமாகக் கொடுத்தால் ஏரி ஆழமாகும்’ என்பது வாதம் என்றால், ‘விவசாயிகளுக்கு வண்டல் வேண்டாம்’ என்றதும் வாதம் விழுந்துவிடும். அப்படியானால் ‘அவர்களுக்கு வண்டல் வேண்டும்’ என்பதுதான் அசம்ப்ஷன். ‘வண்டல் ரசாயன உரத்தைவிடச் சிறந்தது’ என்று ஓர் ஆப்ஷன் இருந்தால், அதைச் ‘சிறந்ததல்ல’ என்று மாற்றிப் பாருங்கள், வாதம் அசையாது. அது விடை இல்லை.

இன்னொருவர், இரண்டில் நின்றுவிட்டால் விட்டுவிடலாமா என்று கேட்டார். சரியான விடைக்கு 2.5, தவறுக்கு 0.83 கழியும். நான்கில் ஒன்றைக் கண்ணை மூடி எடுத்தால் சராசரியாக லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. இரண்டில் ஒன்றை எடுத்தால் சராசரியாக ஒரு கேள்விக்கு 0.83 லாபம். எழுதிவிடுங்கள்.