"பிங் போகுது சார்": கிளஸ்டர் நெட்வொர்க் சோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் பழைய டெஸ்க்டாப்புகளை ஒரு ஸ்விட்ச்சில் கோத்து, கணினிகள் (நோடுகள்) செய்தி பரிமாறி ஒரே கணக்கைப் பகிர்ந்து செய்யும் எம்பிஐ கிளஸ்டர் அமைக்கும் மாணவர்களிடம் நெட்வொர்க்கைச் சோதித்தாயிற்றா என்று கேட்டுப் பாருங்கள். "பிங் போகுது சார்" என்பார்கள். பிங் என்பது இன்னொரு கணினியை 'இருக்கிறாயா' என்று கேட்டுப் பதில் வாங்கும் கட்டளை. பிங் போகும், புரோகிராம் அப்படியே தொங்கி நிற்கும்.

பிங் அனுப்புவது ஐசிஎம்பி என்ற வகைச் செய்தி. ஈதர்நெட்டில் எம்பிஐ பெரும்பாலும் பேசுவது டிசிபி என்ற வேறு நெறிமுறை, அதுவும் ஓடும்போது கிடைக்கும் போர்ட்டுகளில், அதாவது எண்ணிட்ட வாசல்களில். ஃபயர்வால் அந்தப் போர்ட்டுகளை அடைத்திருந்தால் பிங்குக்கு அது தெரியவே தெரியாது. 22ஆம் போர்ட் திறந்திருப்பதால், இன்னொரு கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச்சும் போய்விடும், குழப்பம் கூடும். நோடுகளுக்குள் எல்லாவற்றையும் அனுமதித்துவிட்டு, வெளியிலிருந்து வருவதை, வேலைகளைத் தொடங்கிவைக்கும் தலைமைக் கணினியான ஹெட் நோடில் தடுப்பதே நிம்மதி.

பெரிய தவறு, ஹெட் நோடிலிருந்து மட்டும் சோதிப்பது. கல்லணையில் அளந்துவிட்டுக் கடைமடை பாய்ந்தாயிற்று என்று எழுதுவது மாதிரி அது. மூன்றாம் நோடும் ஏழாம் நோடும் பேசிக்கொள்கின்றனவா என்று அங்கிருந்து எப்படித் தெரியும்? எட்டு நோடு என்றால் 28 ஜோடி. சின்ன ஸ்கிரிப்ட் எழுதி ஒவ்வொரு ஜோடியையும் வேகம் அளக்கும் ஐபெர்ஃப்3 கொண்டு இரு திசையிலும் ஓட்டுங்கள். ஜிகாபிட்டில் வினாடிக்கு 940 மெகாபிட்டை ஒட்டி வர வேண்டும். 94 வந்தால் முதலில் கேபிளைப் பாருங்கள். ஜிகாபிட்டுக்கு நான்கு ஜோடிக் கம்பி வேண்டும், 100க்கு இரண்டு போதும். அதனால் ஒரு ஜோடிக் கம்பி போனதும் நெட்வொர்க் கார்டு சத்தமில்லாமல் கீழே இறங்கிவிடலாம். ஈத்டூல் என்ற கட்டளை கார்டின் வேகத்தைக் காட்டிவிடும். வயலை ஒட்டிய கட்டடம் என்றால் எலி கடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். நாகப்பட்டினம் பக்கம் என்றால் உப்புக்காற்றைச் சந்தேகப்படலாம்.

அப்புறம் பெயர் விவகாரம். டெபியன், உபுண்டு லினக்ஸில், பெயருக்கு முகவரி சொல்லும் ஹோஸ்ட்ஸ் கோப்பு பல நேரம் சொந்தப் பெயரை 127.0.1.1க்குக் காட்டும்; அது கணினிக்குள்ளேயே சுற்றும் முகவரி. தன் பெயரைத் தேடும் மென்பொருள் அந்த முகவரியிலேயே காது கொடுத்து உட்கார்ந்திருக்கும், பக்கத்து நோடு எத்தனை முறை கூப்பிட்டாலும் கேட்காது. இதைவிடக் குறும்பு, விர்ச்சுவல் மெஷினுக்காக லிப்விர்ட்டை நிறுவும்போது கூடவே வரும் பிரிட்ஜ் என்ற மென்பொருள் இன்டர்ஃபேஸ். எல்லா நோடிலும் வழக்கமாக அதே 192.168.122.1 இருக்கும்; அதுவும் நோடுகளை இணைக்கும் நெட்வொர்க்தான் என்று எம்பிஐ நம்பிவிடலாம். எந்த இன்டர்ஃபேஸில் பேச வேண்டும் என்று எம்பிஐ மென்பொருளான ஓப்பன் எம்பிஐக்கு நாமே சொல்லிவிடுவது நல்லது.

ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவான எம்டியூவை 9000 பைட் ஆக்கியிருந்தால் சாதாரண பிங் ஒன்றையும் காட்டாது. துண்டாக்கக் கூடாது என்ற விருப்பத்தோடு 8972 பைட் அனுப்புங்கள். மீதி 28 பைட் பாக்கெட்டின் தலைப்புகளுக்குப் போகும். வழியில் ஸ்விட்ச் 1500இலேயே நின்றிருந்தால் அங்கேயே பிடிபடும்.

கரண்ட் போய் வந்த பிறகு பழைய முடிவுகளை நம்பி வேலையைத் தொடங்காதீர்கள். டிஹெச்சிபி தானாகக் கொடுத்த முகவரி மாறியிருக்கலாம், ஒரு நோடு எழாமலே கிடக்கலாம். நோடுகளுக்கு நிலையான முகவரி கொடுத்துவிட்டு, அந்த ஸ்கிரிப்டை ஒவ்வொரு வேலைக்கும் முன்னால் ஓட விடுங்கள்.