பிரேக் பிடித்தால் அதிரும் கார்: டிஸ்க்கை மாற்றும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, சுங்கச்சாவடியைக் கண்டு பிரேக்கை மிதிக்கும்போது ஸ்டியரிங் கையில் நடுங்கினால், பல ஒர்க்‌ஷாப்புகளில் கிடைக்கும் தீர்ப்பு ஒன்றுதான்: டிஸ்க் (சக்கரத்தோடு சுற்றும் பிரேக் தட்டு) பெண்டாகிவிட்டது, மாற்ற வேண்டும். புது டிஸ்க் போட்டதும் நடுக்கம் நின்றுவிடும். சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய பின் அது திரும்பி வந்தால், பொருள் சரியில்லை என்று டிஸ்க்கின் மீதே மறுபடியும் பழி விழும். அந்தப் பழி பெரும்பாலும் டிஸ்க்கை மாட்டிய விதத்தின் மீது விழ வேண்டியது.

அதற்கு முன், எந்த நடுக்கம் என்று பிரித்தறியாமல் வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிடுவது முதல் தவறு. பிரேக்கைத் தொடாமலேயே குறிப்பிட்ட வேகத்தில் அதிர்கிறது என்றால் பார்க்க வேண்டியது வீல் பேலன்சிங்கையும் டயரையும்தான். ஈரச் சாலையிலோ ஜல்லியிலோ வேகமாக மிதிக்கும்போது பெடல் கரகரவென்று துடித்தால் அது, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் தன் வேலையைச் செய்வதாகும், பழுதன்று. மிதித்தால் மட்டும் ஸ்டியரிங் ஆடினால் முன் சக்கரங்களையும், இருக்கையும் தரையும் அதிர்ந்தால் பின் சக்கரங்களையும் சந்தேகிக்கலாம். கையால் இழுக்கும் ஹேண்ட்பிரேக்கும் பின்புற டிரம்மும் உள்ள வண்டியில், ஆளில்லாத நேரான சாலையில் 40 கிலோமீட்டர் வேகத்தில், லீவரின் பட்டனை விடாமல் அழுத்தியபடி மெல்ல இழுத்துப் பாருங்கள்; அப்போதும் அதிர்ந்தால் கோளாறு பின் சக்கரங்களில்தான்.

இப்போது டிஸ்க்குக்கு வருவோம். வெப்பத்தில் டிஸ்க் அப்பளம்போல வளைந்துவிடுகிறது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. ஆனால் சாதாரண ஓட்டத்தில் அப்படி நடப்பது அரிது. உண்மையில் கோளாறு செய்வது கனத்தில் வரும் சீரின்மை. பழைய டிஸ்க்கைக் கழற்றிய பின் ஹப்பின் (டிஸ்க்கும் சக்கரமும் மாட்டப்படும் நடுப்பகுதி) முகத்தில் படிந்திருக்கும் துருவைச் சுரண்டி எடுக்காமல் புது டிஸ்க்கை மாட்டினால், அது மயிரிழை சாய்ந்து உட்காரும். ஹப்பைவிட டிஸ்க்கின் விட்டம் பெரிது என்பதால் அந்தச் சாய்வு ஓரத்தில் இன்னும் பெரிதாகத் தெரியும். சாய்ந்த டிஸ்க், பிரேக் பிடிக்காத நேரத்திலும் சுற்றுக்கு ஒரு முறை ஒரே இடத்தில் பேடை (டிஸ்க்கைக் கவ்வும் பிரேக் கட்டை) உரசும். சிறிய காரின் சக்கரம் 100 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்குச் சுமார் 15 முறை சுற்றுகிறது. அத்தனை உரசலில் அந்த இடம் மட்டும் மெல்ல மெல்லத் தேய்ந்துபோகும். மாட்டிய அன்று தெரியாத பிழை மாதக்கணக்கில் கழித்து வெளிப்படுவது இதனால்தான்.

பல கார்களில் டிஸ்க்கின் ஆட்டம், அதாவது சுற்றும்போது பக்கவாட்டில் அசையும் அளவு, 0.05 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது என்பது அளவு, கனத்தில் 0.01 அல்லது 0.02 மில்லிமீட்டர் வேறுபாடு வந்தாலே கையில் உணர முடியும். வெர்னியரை வைத்துப் பார்த்து டிஸ்க் நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்வதை ஏற்க வேண்டாம். சாதாரண வெர்னியர் காட்டும் மிகச் சிறிய அளவே 0.02 மில்லிமீட்டர், போதாததற்குத் தேயாத ஓர விளிம்பு அதை ஏமாற்றும். ஆட்டத்துக்கு டயல் கேஜும், கனத்துக்கு மைக்ரோமீட்டரும் வேண்டும். கனத்தை வட்டத்தைச் சுற்றி எட்டு இடங்களிலாவது அளக்க வேண்டும்.

பஞ்சர் கடையில் நியூமேடிக் துப்பாக்கியால் நட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக வட்டமாக முறுக்கிவிடுவதும் இதே சாய்வை உண்டாக்கக்கூடியது. எதிரெதிர் நட்டுகளை மாற்றி மாற்றிப் படிப்படியாக இறுக்கி, கடைசியில் வண்டியின் கையேட்டில் உள்ள அளவுக்கு, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் முடிப்பதே முறை. சில நூறு ரூபாய் வித்தியாசத்துக்காக டிஸ்க்கில் பேரம் பேசுபவர்கள்கூட இந்த ஐந்து நிமிட வேலையைக் கேட்டுப் பெறுவதில்லை.

லேத்தில் கடைந்து வாங்குவது தவறில்லை; ஆனால் டிஸ்க்கில் பொறித்திருக்கும் குறைந்தபட்ச கனத்துக்குக் கீழே போனால், அது சீக்கிரம் சூடேறும், ஆபத்தும் கூட. கடைந்த பிறகும் ஹப்பின் துரு அப்படியே இருந்தால் செய்த செலவு வீண்.

புது பேட் போடும்போது காலிபரின் (பேடுகளைத் தாங்கி அழுத்தும் பகுதி) பின்களைக் கழற்றிச் சுத்தம் செய்யாமல் விடுவது அடுத்த தவறு. காலிபர் பின் இறுகினால் பேட் டிஸ்க்கை விட்டு விலகாது. அதற்குச் சாதாரண பேரிங் கிரீஸைத் தடவினால் ரப்பர் உறை ஊதிப்போகும். சிலிக்கான் கிரீஸ்தான் பொருந்தும். டிஸ்க்கும் பேடும் சரியாக இருந்தும் நடுக்கம் தொடர்ந்தால் சஸ்பென்ஷன், ஸ்டியரிங் பாகங்களான லோயர் ஆர்ம் புஷ், டை ராட் முனை ஆகியவற்றின் தேய்மானத்தைப் பாருங்கள். இவை தளர்ந்திருந்தால் சிறு அதிர்வும் பெரிதாகும்.

ஓட்டுநர் பக்கத்திலும் தவறு உண்டு. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை மேல் கியரில் பிரேக்கை நம்பியே இறங்கி, அடிவாரத்தில் நின்று பெடலை அழுத்தியபடியே காத்திருந்தால், சூடான பேடின் பொருள் அந்த இடத்தில் டிஸ்க்கின் மீது ஒட்டிக்கொள்ளும். அதன் பிறகு வரும் நடுக்கத்தையும் ‘பெண்டு’ என்றே சொல்லிவிடுகிறார்கள். இரண்டாம் கியரில் இறங்குவதும், கீழே வந்ததும் சில கிலோமீட்டர் மெல்ல ஓட்டி ஆறவிடுவதும், சூடு தணியும் முன் வாட்டர் வாஷுக்கு விடாமல் இருப்பதும் போதும்.

கடைசியாக, புது டிஸ்க்கும் பேடும் ஒன்றோடொன்று சீராகப் படிய, மாட்டிய அன்றே, வாகனமில்லாத சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 15 வரை மிதமாக மிதித்துக் குறைப்பதை, ஒரு முறையும் முழுதாக நிற்காமல், இடைவெளி விட்டுப் பத்து முறை செய்து, பிறகு ஐந்தாறு கிலோமீட்டர் பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டிக்கொண்டு வாருங்கள்.