கேபிளைக் கழற்றிய பிறகும் மானிட்டரில் எழுதுவது யார்? வீட்டிலேயே தேடிப் பார்க்கலாம்

போன மாதம் செல்லூரில் ஒரு பழைய இரும்புக் கடையில் 19 அங்குல மானிட்டர் ஒன்றை 250 ரூபாய்க்கு வாங்கி வந்தேன். பத்தாவது படிக்கும் பக்கத்து வீட்டுத் தம்பியும் கூட உட்கார்ந்துகொண்டான். கம்ப்யூட்டரில் மாட்டாமல் கரண்ட் மட்டும் கொடுத்தோம். கறுப்புத் திரையில் 'நோ சிக்னல்' என்று ஒரு சின்னப் பெட்டி வந்து, மூலைக்கு மூலை நகர்ந்தது.

"ஏண்ணே, கம்ப்யூட்டரே மாட்டலையே, இத யாருண்ணே எழுதுறது?"

அவன் கேட்டதற்குப் பதில் அந்த மானிட்டருக்குள்ளேயே இருந்தது. நாங்கள் தேடிய வரிசையிலேயே நீங்களும் தேடலாம். முதல் மூன்று படிகளுக்கு ஸ்க்ரூ டிரைவர்கூட வேண்டாம்.

முதல் படி: கம்ப்யூட்டரிலிருந்து மானிட்டருக்கு வரும் கேபிளைக் கழற்றிவிட்டு, மெனு பட்டனை அழுத்துங்கள். சில மானிட்டர்கள் சிக்னல் இல்லாமல் மெனுவைத் திறக்காது. ஆனாலும் ஏதாவது ஓர் அறிவிப்பு வரும். எழுத்தின் வடிவம் எங்கோ சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது, பட்டன் அழுத்தியதை எதுவோ கவனிக்கிறது என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

இரண்டாம் படி: கேபிளை மாட்டி, வெளிச்சத்தை 37 என்று வையுங்கள். வேண்டுமென்றேதான் இப்படி ஒரு எண். மெனுவை மூடிவிட்டு, பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கி, மறுநாள் மாட்டிப் பாருங்கள். அதே 37 இருக்கும். கரண்ட் போனாலும் அழியாத நினைவகம் ஒன்று உள்ளே இருக்கிறது.

மூன்றாம் படிதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. மானிட்டரை மாட்டியதும் கம்ப்யூட்டர் அதன் பெயரையும் அளவையும் எப்படித் தெரிந்துகொள்கிறது? ஒவ்வொரு மானிட்டரும் ஈடிஐடி என்ற, குறைந்தது 128 பைட் உள்ள ஜாதகத்தை வைத்திருக்கிறது. கம்ப்யூட்டர் கேட்டால் கேபிள் வழியாகக் கொடுத்துவிடும். பல லினக்ஸ் கம்ப்யூட்டர்களில் எக்ஸ்ரேண்டர் கட்டளையை 'ப்ராப்' தெரிவோடு (xrandr --prop) ஓட்டினால் அது எண்ணும் எழுத்துமாக வரிவரியாக வரும். ஒரு வரிக்கு 16 பைட், ஒவ்வொரு பைட்டும் இரண்டு எழுத்து. முதல் வரியின் தொடக்கத்தில் ஒரு பூஜ்ய ஜோடி, ஆறு 'எஃப்எஃப்', மறுபடி ஒரு பூஜ்ய ஜோடி இருக்கும். இரண்டாம் வரிக்கு வாருங்கள். அதன் இரண்டாவது ஜோடி, தயாரித்த வருடம். எங்களுக்கு 14 என்று வந்தது. இது பதினாறின் அடியில் எழுதிய எண், அதாவது 16 கூட்டல் 4, ஆக 20. அதோடு 1990ஐக் கூட்டினால் 2010. முதல் ஜோடி பெரும்பாலும் அந்த வருடத்தின் எத்தனையாவது வாரம் என்பதைச் சொல்லும். தம்பி நோட்டில் கணக்குப் போட்டுவிட்டு, "எனக்கு மூத்தது போலண்ணே" என்றான்.

எங்கள் மானிட்டரின் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் இந்த ஜாதகம் வந்தது. விஜிஏ, எச்டிஎம்ஐ கேபிள்களில் கம்ப்யூட்டரே 5 வோல்ட் அனுப்பும் கம்பி ஒன்று உண்டு. அந்தச் சின்ன நினைவக சிப்புக்கு அதுவே போதும்.

நான்காம் படி, திறப்பது. பழைய பெட்டி டிவியையோ டியூப் மானிட்டரையோ திறக்கவே திறக்காதீர்கள்; அதற்குள் 20,000 வோல்ட்டுக்கும் மேல் இருக்கும். தட்டை மானிட்டரிலும் கவனம் வேண்டும். 230 வோல்ட் மின்சாரம் உள்ளே நேர்மின்சாரமாக மாறும்போது சுமார் 325 வோல்ட் ஆகி, பெரிய உருளைக் கப்பாசிட்டரில் நிற்கும். பிளக்கைப் பிடுங்கி ஒரு நாள் விடுங்கள். அப்புறமும் பவர் போர்டில் கை வைக்க வேண்டாம். திரைக்குப் பின்னால் மெல்லிய கண்ணாடிக் குழல் விளக்கு இருந்தால் அதில் பாதரசம் உண்டு, உடைத்துவிடாதீர்கள். பள்ளிப் பிள்ளைகள் இந்தப் படியைப் பெரியவர்கள் பக்கத்தில் இல்லாமல் செய்யக் கூடாது.

ஸ்க்ரூவைக் கழற்றி, ஓரத்துப் பிளாஸ்டிக் கொக்கிகளைப் பழைய ஏடிஎம் கார்டால் நெம்புங்கள். தகர மூடிக்குள் பெரும்பாலும் இரண்டு போர்டு இருக்கும். கேபிள் மாட்டும் துளைகள் உள்ள சின்ன போர்டுதான் நமக்கு வேண்டியது. அதில் நிறையக் கால்களோடு சதுரமாக ஒரு கறுப்பு சிப் இருக்கும். அதன் பெயர் ஸ்கேலர். பக்கத்தில் எட்டுக் கால் சிப்கள் தெரியும்: எண்ணில் 25 என்று வந்தால் அநேகமாக ப்ரோகிராம் இருக்கும் ஃப்ளாஷ், 24 என்று வந்தால் ஜாதகமோ, நாம் வைத்த 37 போன்ற அமைப்புகளோ இருக்கும் நினைவகம்.

எங்கள் மானிட்டரின் திரையில் 1280க்கு 1024 புள்ளிகள். கம்ப்யூட்டர் 800க்கு 600 என்று அனுப்பினாலும் படம் திரை முழுக்க வருவது ஸ்கேலர் இழுத்து நிரப்புவதால்தான். அதற்கென்றே தனிச் சர்க்யூட் உள்ளே இருக்கிறது. மெனு வரைவது, பட்டனைக் கவனிப்பது, சிக்னல் வந்ததா என்று பார்ப்பது போன்ற மேஸ்திரி வேலைக்கு அதே சிப்புக்குள் ஒரு குட்டி ப்ராசசர். பல ஸ்கேலர்களில் அது 8051 வகை. ஆமாம், நம் பொறியியல் கல்லூரி ஆய்வகங்களில் கிட் வைத்துச் சொல்லித்தரும் அதே 8051தான். இன்டெல் 1980இல் கொண்டுவந்தது. "இந்தப் பழசை எதுக்குப் படிக்கணும்?" என்று கேட்கும் பிள்ளைகளுக்கு இந்த போர்டைக் காட்டுங்கள்.

உங்கள் சிப்பில் என்ன இருக்கிறது என்று தெரிய, முதுகில் அச்சிட்ட எண்ணைக் குறித்துத் தேடுங்கள். 'ஆர்டிடி' என்று தொடங்கினால் ரியல்டெக் நிறுவனத்தின் சிப், 'டிஎஸ்யூஎம்' என்றால் எம்ஸ்டார் நிறுவனத்தின் சிப். எண் மங்கலாக இருந்தால் செல்போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் தெரியும்.

இந்தக் குட்டி ப்ராசசரைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். 2016இல் ஹேக்கர்கள் கூடும் டெஃப்கான் மாநாட்டில், கம்ப்யூட்டர் பாதுகாப்பு ஆய்வாளர் ஆங் குய்யின் குழுவினர், ஒரு டெல் மானிட்டருக்குள் இருக்கும் ப்ரோகிராமை மாற்றி, கம்ப்யூட்டர் அனுப்பாத படத்தைத் திரையில் தெரிய வைத்துக் காட்டினார்கள்.

சரி, இப்படிக் குட்டி ப்ராசசர் வீட்டில் வேறு எதிலெல்லாம் இருக்கிறது? நான் மூன்று கேள்வி கேட்பேன். எண்ணுகிறதா? நினைவு வைக்கிறதா? சூழலைப் பார்த்துத் தானே முடிவெடுக்கிறதா? இண்டக்ஷன் அடுப்பு பாத்திரத்தை எடுத்ததும் சத்தம் போடும், நேரத்தை எண்ணும், அதில் உண்டு. குமிழ் திருகும் சாதாரண மிக்சியில் இல்லை. பழைய ரெகுலேட்டர் ஃபேனில் இல்லை, ரிமோட் வைத்த பிஎல்டிசி ஃபேனில் உண்டு. செல்போன் சிம் கார்டில் உண்டு, மெமரி கார்டிலும் உண்டு. கீபோர்டிலும் உண்டு; 1981இல் வந்த ஐபிஎம் பிசியின் கீபோர்டிலேயே இன்டெல் 8048 என்ற குட்டி ப்ராசசர் இருந்தது.

தம்பி இப்போது ஒவ்வொரு பொருளாக நோட்டில் எழுதி வருகிறான். அவன் அம்மாவின் வாஷிங் மெஷினை மட்டும் திறக்கக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.