பைத்தான் லிஸ்ட் காம்ப்ரிஹென்ஷன்: இஃப் முன்னால் வருமா, பின்னால் வருமா?

ஒரு லூப் ஓட்டி லிஸ்ட் உருவாக்குவதைச் சதுர அடைப்புக்குள் ஒரே வரியில் எழுதுவதுதான் லிஸ்ட் காம்ப்ரிஹென்ஷன். ஃபார் லூப் எழுதத் தெரிந்தால் போதும், மேலே படிக்கலாம். கீழே உள்ள ஃபார், இன், இஃப், எல்ஸ், அப்பெண்ட் ஐந்தையும் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். மாறிகளின் பெயர் தமிழிலேயே இருக்கட்டும், பைத்தான் 3 ஏற்றுக்கொள்ளும். தனி எடிட்டர் எதுவும் வேண்டாம். பைத்தானோடு வரும் ஐடில் தாராளம்.

படி 1: முதலில் லூப்பாகவே எழுதுங்கள்.

எண்கள் = [4, -2, 7, -9]
வர்க்கங்கள் = []
ஃபார் எண் இன் எண்கள்:
    இஃப் எண் > 0:
        வர்க்கங்கள்.அப்பெண்ட்(எண் * எண்)

படி 2: அப்பெண்டின் அடைப்புக்குள் இருப்பதைத் தூக்கி முன்னால் வையுங்கள். மீதி அதே வரிசையில் பின்னால் வரும், கோலன் இல்லாமல்.

வர்க்கங்கள் = [எண் * எண் ஃபார் எண் இன் எண்கள் இஃப் எண் > 0]

விடை [16, 49].

படி 3: பலரும் முட்டி நிற்கும் இடம் இதுதான். மைனஸ் எண்ணை விடக்கூடாது, அதன் இடத்தில் 0 வர வேண்டும் என்றால்? கடைசி இஃப்புக்குப் பின்னால் எல்ஸ் ஒட்டினால் சின்டாக்ஸ் எரர்தான். இப்படி எழுத வேண்டும்:

[எண் இஃப் எண் > 0 எல்ஸ் 0 ஃபார் எண் இன் எண்கள்]

விடை [4, 0, 7, 0]. கடைசியில் வரும் இஃப் வாசலில் நிற்கும் காவலாளி: உள்ளே விடும், அல்லது விரட்டும். முன்னால் வரும் இஃப்–எல்ஸ் வேறு சங்கதி. அதற்கும் காம்ப்ரிஹென்ஷனுக்கும் சம்பந்தமே இல்லை. ஒரு மதிப்பைத் தரும் சாதாரணக் கோவை அது, எங்கும் எழுதலாம். மதிப்பு தந்தே ஆக வேண்டும், அதனால் எல்ஸ் கட்டாயம். லிஸ்ட் நீளம் குறைய வேண்டுமா, பின்னால் போடுங்கள். அப்படியே இருக்க வேண்டுமா, முன்னால்.

படி 4: லிஸ்டுக்குள் லிஸ்ட். அட்டவணை = [[1, 2], [3, 4]] என்றால்:

[எண் ஃபார் வரிசை இன் அட்டவணை ஃபார் எண் இன் வரிசை]

லூப்பில் வெளியே இருந்த ஃபார் இங்கேயும் முதலில். மாற்றிப் போட்டால் நேம் எரர் வரும், வந்தால் அதிர்ஷ்டம். முன்பு ஓட்டிய லூப்பிலிருந்து வரிசை என்ற மாறி [3, 4] ஆகத் தங்கியிருந்தால் எரரே வராது, [3, 3, 4, 4] என்று தப்பான விடை சத்தமில்லாமல் வரும். நிரலைத் துண்டு துண்டாக ஓட்டும் ஜூபிட்டர் நோட்புக்கில் இது சர்வசாதாரணம். மூன்றாவது ஃபார் தேவைப்பட்டால் பேசாமல் லூப்புக்கே திரும்பிவிடுங்கள்.

படி 5: கூட்டுத்தொகை மட்டும் போதுமென்றால் சம் பங்ஷனுக்குள் சதுர அடைப்பை எடுத்துவிடுங்கள். லிஸ்ட் உருவாகாது, நினைவகம் மிச்சம். ஆனால் அப்படிக் கிடைக்கும் ஜெனரேட்டரை (மதிப்புகளைக் கேட்கக் கேட்க ஒவ்வொன்றாகத் தருவது) ஒரு மாறியில் வைத்தால் ஒரு முறைதான் ஓட்ட முடியும். இரண்டாம் முறை காலி.

பின்சேர்க்கை: காம்ப்ரிஹென்ஷனின் சதுர அடைப்புக்குள் பிரிண்ட் போட்டால் கடைசியில் நன், நன் (None) என்று ஒரு லிஸ்ட் வருகிறதே என்று ஒருவர் கேட்டிருந்தார். பிரிண்ட் திருப்பித் தருவது நன், அதாவது 'எதுவும் இல்லை' என்ற மதிப்பு. அதைத்தான் பைத்தான் சேர்த்து வைக்கிறது. வெறுமனே அச்சிடத்தான் என்றால் ஃபார் லூப்பே எழுதுங்கள்.