சிடி பிளேயரைப் பிரிக்கும் முன்: ஹெட்ஃபோன் பிரியர்கள் சறுக்கும் இடங்கள்

பழைய சிடி பிளேயரோடு தனி டாக் (DAC, சிடியின் எண்களை ஒலியாகக் கேட்கும் மின்னலையாக மாற்றும் பெட்டி) ஒன்றை இணைத்த அன்று ராத்திரி நான் தூங்கவே இல்லை. பாடகர் மூச்சு இழுப்பது கேட்டது, வயலின் வில் நரம்பில் உரசுவது தனியாகத் தெரிந்தது. இத்தனை நாளும் இதெல்லாம் எங்கே ஒளிந்திருந்தது என்று புலம்பினேன். ஒரு வாரம் கழித்து ஏதோ சந்தேகம் வந்து, மல்டிமீட்டரை எடுத்து இரண்டின் லைன் அவுட்டையும், அதாவது ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் வெளியீட்டையும், அளந்தேன். பிளேயரில் 2 வோல்ட், டாக்கில் 2.3 வோல்ட். ஒலி அளவின் அலகான டெசிபலில் சொன்னால் 1.2 வித்தியாசம். ஆம்ப்ளிஃபயர் குமிழை அந்த அளவுக்குக் குறைத்துவிட்டு மறுபடி கேட்டேன். மூச்சும் வில்லும் இரண்டிலும் ஒரே மாதிரி இருந்தன. பழையதிலும் அவை இருக்கத்தான் செய்தன, நான்தான் காது கொடுக்கவில்லை.

சிடி பிளேயரை மேம்படுத்தக் கிளம்பும் எல்லோரும் முதலில் விழுகிற குழி இதுதான். ஒரு டெசிபல் கூடினால் ‘சத்தம் கூடிவிட்டது’ என்று காது சொல்லாது. ‘தெளிவாக இருக்கிறது’, ‘மேடை விரிந்திருக்கிறது’ என்று சொல்லும். ஆகவே ஒப்பிடுவதற்கு முன் அளவைச் சமன்செய்யுங்கள். 50 முதல் 100 ஹெர்ட்ஸுக்குள் ஒரு சீரான டோனை சிடியில் பதிந்து ஓட்டி, ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டில் ஏசி வோல்ட்டைப் பாருங்கள். 1000 ஹெர்ட்ஸ் டோன் வேண்டாம். விலை மலிந்த மல்டிமீட்டர்கள் வீட்டு மின்சாரத்தின் அதிர்வெண்ணை ஒட்டித்தான் சரியாகக் காட்டும். ஹெட்ஃபோன் செருகியிருக்கட்டும், ஆனால் காதில் வேண்டாம். பிளேயரில் டிஜிட்டல் அவுட் (எண்களை அப்படியே வெளியே அனுப்பும் துளை) இருந்தால் இன்னும் வசதி, அதிலிருந்து டாக்குக்கு வயர் இழுங்கள். அதன் சொந்த அனலாக் வெளியீட்டை ஆம்ப்ளிஃபயரின் ஒரு நுழைவிலும், டாக்கை இன்னொன்றிலும் கொடுத்துவிட்டால் ஒரே சிடியின் ஒரே நொடியை மாற்றி மாற்றிக் கேட்கலாம். சுவிட்சை இன்னொருவர் கையில் கொடுத்துவிடுவது உத்தமம்.

அடுத்தது பிளேயரின் முகப்பில் இருக்கும் ஹெட்ஃபோன் துளை. அதை நம்பி ‘இந்த பிளேயரின் ஒலியே சரியில்லை’ என்று தீர்ப்பு எழுதியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலான பிளேயர்களில் அந்தத் துளைக்குப் பின்னால் ஒரு சின்ன ஐசியும், ஐசிக்கும் துளைக்கும் நடுவே பாதுகாப்புக்காக ஒரு ரெசிஸ்டரும்தான் இருக்கும். அந்த ரெசிஸ்டர் 100 ஓம் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் ஹெட்ஃபோன் 32 ஓம். ஆனால் பாஸ் பகுதியில், ஒலி எழுப்பும் டயாஃப்ரம் என்ற சவ்வு தானாக அதிரும் இடத்தில், அதே ஹெட்ஃபோன் 100 ஓம் வரை ஏறலாம். நடுப்பகுதியில் மின்னழுத்தத்தில் கால்வாசிக்கும் குறைவாகத்தான் ஹெட்ஃபோனுக்குப் போய்ச் சேரும், பாஸில் பாதி போய்ச் சேரும். வித்தியாசம் 6 டெசிபலுக்கும் மேல். பாஸ் வீங்கிப்போய் ‘கொழகொழ’ என்று கேட்பதற்குக் காரணம் இதுதான். உள்ளே எந்த ஐசியை மாற்றினாலும் இது போகாது. 300 ஓம் ஹெட்ஃபோனில் இதே ரெசிஸ்டர் ஒரு டெசிபல் அளவுக்குத்தான் சேட்டை செய்யும். அதனால்தான் ஒருவருக்கு நன்றாகக் கேட்கும் துளை இன்னொருவருக்கு மோசமாகக் கேட்கிறது.

வெளியீட்டு மின்தடை (மேலே சொன்ன ரெசிஸ்டர் மாதிரி, வெளியீட்டின் வழியில் நிற்கும் தடை) ஹெட்ஃபோனின் ஓமில் எட்டில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும் என்பது இந்த வட்டாரத்தில் எல்லோரும் கைக்கொள்ளும் கணக்கு. பிளேயரின் லைன் அவுட்டிலிருந்து ஒரு நல்ல ஹெட்ஃபோன் ஆம்ப்ளிஃபயருக்கு வயர் இழுத்தால் பாதி வேலை முடிந்தது. லைன் அவுட்டிலிருந்துதான்; ஹெட்ஃபோன் துளையிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு இழுப்பது கழுவிய தண்ணீரில் மறுபடி கழுவுவது.

இதையெல்லாம் செய்த பிறகும் கை அரிக்கும். பெட்டியைத் திறப்போம், ஆப்-ஆம்ப் (ஒலி மின்னலையைப் பெருக்கித் தரும் ஐசி) மாற்றுவோம் என்று தோன்றும். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் திறங்கள். பல பிளேயர்களில் சுவிட்ச் அணைந்திருந்தாலும் டிரான்ஸ்ஃபார்மர் வரை மின்சாரம் வந்து நிற்கும். உள்ளே பெரும்பாலும் என்இ5532 மாதிரி ஒன்று இருக்கும். அது வயதான ஐசி, ஆனால் மோசமான ஐசி அல்ல. ஏராளமான இசைத்தட்டுகள் பதிவான மிக்ஸர்களிலேயே அதுதான் உட்கார்ந்திருந்தது. அதை எடுத்துவிட்டு அதைவிடப் பல மடங்கு வேகமான ஒன்றைச் செருகினால், பழைய வேகத்துக்கு என்று வரைந்த போர்டில் அது மெகாஹெர்ட்ஸில் தானாக அலையத் தொடங்கலாம். காதுக்கு அது கேட்காது; ஒலி கொஞ்சம் கூர்மையானதாகவோ கரகரப்பாகவோ தோன்றும், அதையே ‘விவரம் கூடிவிட்டது’ என்று நினைத்துக்கொள்வோம். ஐசி மேல் விரல் வைத்துப் பாருங்கள். பழையதைவிட வெகுவாகச் சுட்டால் சந்தேகப்படுங்கள். ஐசிக்கு மின்சாரம் வரும் சப்ளை கால்களுக்கு ஒட்டினாற்போல் 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வைக்காமல் வேக ஐசி பக்கமே போகாதீர்கள்.

கெப்பாசிட்டர் என்றதும் நினைவுக்கு வருகிறது: வெளியீட்டில் இருக்கும் 10 மைக்ரோஃபாரடை எடுத்துவிட்டு 100 போட்டால் பாஸ் கூடும் என்பார்கள். எதிரே ஆம்ப்ளிஃபயரின் நுழைவு 10 கிலோ ஓம் என்றால், 10 மைக்ரோஃபாரடே 1.6 ஹெர்ட்ஸ் வரை இறங்குகிறது. காது 20 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். காய்ந்துபோன, உப்பிய கெப்பாசிட்டரை மாற்றுவது பழுதுபார்ப்பு. அதைச் செய்யுங்கள், பிளஸ் மைனஸை மட்டும் பார்த்து.

லேசர் பக்கம் நடக்கும் கூத்து தனி. லேசர் பலவீனமானால் ஒலி மங்கும் என்று நினைத்து, பிக்கப்பில் (லேசரும் லென்ஸும் உள்ள, தட்டைப் படிக்கும் பாகம்) இருக்கும் குட்டித் திருகை முறுக்குவார்கள். கொஞ்ச நாள் அமோகமாக ஓடும், பிறகு லேசர் எரிந்துவிடும். சிடியில் இருப்பது எண்கள். 2.5 மில்லிமீட்டர் நீளத்துக்குத் தடம் அழிந்திருந்தாலும் பிழைதிருத்தம் அவற்றை அப்படியே மீட்டுவிடும். அதையும் வெகுவாகத் தாண்டினால் டக் என்று சொடுக்கும், தாவும், மௌனமாகும். ட்ரெபிள், அதாவது உச்ச ஒலிகள், மங்குவது நடக்காது. ஓரத்தில் பச்சை மை பூசினால் ஒலி இனிக்கும் என்ற கதையும் இந்த ரகம்தான். ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பட்ஸால் லென்ஸை மெல்லத் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். புது பிக்கப் வாங்கிப் போட்டும் தட்டு சுழலவில்லையா? நிலைமின்சாரத்திலிருந்து காக்க அதில் ஒரு பொட்டு சால்டர் வைத்திருப்பார்கள், அதை எடுத்தீர்களா என்று பாருங்கள்.

காசு இருக்கிறது, எங்கே போடுவது என்று கேட்டால் நான் ஹெட்ஃபோனின் காது மெத்தையைத்தான் காட்டுவேன். நல்ல நிலையிலுள்ள இரண்டு சிடி பிளேயர்களுக்கு இடையே ஒலி வளைவில் (எந்த ஸ்தாயி எவ்வளவு சத்தமாக வருகிறது என்பதில்) அரை டெசிபல் வித்தியாசம் கிடைப்பதே அரிது. அமுங்கிப்போன மெத்தைக்கும் புதியதற்கும் பாஸில் பல டெசிபல் போகும். அதற்கு மீட்டர் வேண்டாம்.

கடைசியாக, டாக் வாங்கியவர்களுக்கு இரண்டு. எஸ்ஏசிடி (SACD, சிடியைவிட உயர்தரமாகப் பதிந்த தட்டு வகை) தட்டின் உயர்தர அடுக்கு பிளேயரின் சாதாரண ஆப்டிகல், கோஆக்ஸியல் துளைகள் வழியே வெளியே வராது; வருவது சிடி அடுக்குதான், சில பிளேயர்களில் அதுவும் வராது. இன்னொன்று: 1980-களின் தொடக்கத்தில் வந்த சில சிடிகளில் ட்ரெபிளை 10 டெசிபல் வரை தூக்கிப் பதிந்திருப்பார்கள். அதைச் சொல்லும் குறிப்பு தட்டிலேயே இருக்கும், பிளேயர் அதைப் படித்துத் தானே இறக்கிவிடும். பல தனி டாக்குகள் அந்தக் குறிப்பைக் கண்டுகொள்வதில்லை. ஒரு பழைய தட்டு மட்டும் புது டாக்கில் கீச்சென்று கேட்டு, பிளேயரின் சொந்த வெளியீட்டில் ஒழுங்காகக் கேட்டால், டாக்கைத் திருப்பி அனுப்ப வேண்டாம். அந்தத் தட்டுக்கு மட்டும் பழைய வயரிலேயே கேளுங்கள்.