ஈசிஆர் பக்கம் பழைய தீம் பார்க்குக்குக் குடும்பத்தோடு போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

சென்னையின் கிழக்குக் கடற்கரைச் சாலையில் (ஈசிஆர்) இருக்கும் இஞ்சம்பாக்கம் விஜிபி, முட்டுக்காடு எம்ஜிஎம் இரண்டும் இன்றைய அப்பா அம்மாக்கள் பள்ளிச் சுற்றுலாவில் பஸ் ஏறிப் போய்ப் பார்த்த இடங்கள். புதிய பெரிய பார்க்குகளை மனதில் வைத்துக்கொண்டு இங்கே போனால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். மர நிழல், கடல் காற்று, ராட்டினம், தண்ணீர் என்று ஒரு நாளைக் கழிக்கப் போனால் நன்றாக இருக்கும். எதை எந்த நேரத்தில் செய்வது என்று தெரியாமல் போவதால்தான் பாதிப் பேருடைய நாள் கெடுகிறது.

முதல் தவறு கவுண்டரிலேயே நடக்கிறது. பலகையில் இருக்கும் ரைடுகளை எண்ணிப் பார்த்துவிட்டு டிக்கெட் வாங்கிவிடுகிறோம். பழைய பார்க்கில் ஒன்றிரண்டு ரைடுகளாவது பராமரிப்புக்காக மூடிக் கிடக்க வாய்ப்பு உண்டு. பணத்தை நீட்டும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள்: இன்று எவையெல்லாம் ஓடுகின்றன? பேக்கேஜில் சேராதவை எவை? (கோ-கார்ட், குதிரைச் சவாரி, வீடியோ கேம் போன்றவற்றுக்குத் தனிக் காசு கேட்பது வழக்கம்.) தண்ணீர் விளையாட்டு எத்தனை மணி வரை? வேலை நாளில் போனால் கூட்டம் இருக்காது என்பதையும் நம்ப வேண்டாம். ஜனவரி, பிப்ரவரியில் பள்ளிச் சுற்றுலா பஸ்கள் வேலை நாட்களில்தான் வரும். முந்தின நாள் போன் போட்டு, பள்ளிக் கூட்டம் வருகிறதா என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

குழந்தையின் உயரத்தை வீட்டிலேயே சுவரில் அளந்துவிடுங்கள். 90, 120, 140 செ.மீ. என்று ரைடுக்கு ரைடு கோடு மாறும். கோட்டைத் தொட்டுவிடும் என்று கனத்த ஷூ போட்டு நிறுத்துகிற பெற்றோர் உண்டு. இருக்கையும் மடிமேல் பூட்டும் கம்பியும் அந்த உயரத்துக்குத்தான் அமைத்திருக்கிறார்கள். ஷூ உயர்த்திக் காட்டும் இரண்டு அங்குலத்தால் கம்பி குழந்தையின் தொடையில் வந்து உட்காராது.

கம்பி விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஒரே கம்பி இரண்டு பேரையும் பிடிக்கும் இருக்கையில் தொப்பை உள்ள அப்பாவையும் ஐந்து வயதுப் பிள்ளையையும் சேர்த்து உட்கார வைப்பது வழக்கமாக நடக்கும் தவறு. கம்பி அப்பாவின் வயிற்றில் இடித்து நின்றுவிடும். பிள்ளைக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருக்கும். அம்மாவோ, ஒல்லியான அக்காவோ பக்கத்தில் உட்காருவது நல்லது. ஊழியர் பூட்டிவிட்டுப் போன பிறகு நீங்களும் ஒருமுறை கம்பியை மேலே தூக்கிப் பாருங்கள். தூக்க வந்தால் உடனே கையைத் தூக்கிக் கூப்பிட வேண்டும், கூச்சப்படக் கூடாது. சுற்றும் ரைடுகளில் உடல் வெளிப்பக்கமாகத் தள்ளப்படும். எடை கூடியவர் உள்பக்கம் உட்கார்ந்தால் குழந்தையின் மேல் போய்ச் சாய்ந்து நசுக்குவார். பெரியவர் வெளிப்பக்கம், சிறியவர் உள்பக்கம்.

முன்னும் பின்னும் ஊஞ்சல் போல ஆடும் கப்பலான கொலம்பஸில் கூட்டம் கடைசி வரிசைக்குத்தான் ஓடும். வயிற்றைப் புரட்டுவதும் அங்கேதான், ஏனென்றால் கப்பலின் இரு முனைகளும்தான் அதிக உயரம் போய் விழுகின்றன. முதல்முறை ஏறுகிறவர்களுக்கு நடு வரிசை போதும். கர்ப்பிணிகளும், இதய நோய், கழுத்து வலி, முதுகு வலி உள்ளவர்களும் கொலம்பஸ் பக்கமே போக வேண்டாம்.

கோ-கார்ட்டில் துப்பட்டாவும் பின்னாத முடியும் ஆபத்து. பின்னால் சுழலும் அச்சு துணியையோ முடியையோ பிடித்தால் விடாது. 2018-ல் ஹரியானா மாநிலம் பிஞ்சோரில் கோ-கார்ட்டில் தலைமுடி சிக்கி ஒரு பெண் இறந்தார். முடியைக் கொண்டையாகப் போட்டு ஹெல்மெட்டுக்குள் அடக்குங்கள், துப்பட்டாவைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஏறுங்கள்.

தண்ணீர் பக்கம் காட்டன் உடையோடு போய், 'ஏன் விட மாட்டேன் என்கிறீர்கள்?' என்று சண்டை போடுவது இன்னொரு வாடிக்கை. காட்டன் தண்ணீரைக் குடித்துக் கனக்கும், சறுக்கில் பாதியிலேயே ஆளை நிறுத்திவிடும், அதன் பஞ்சு வடிகட்டியை அடைக்கும். ஜீன்ஸ் பட்டனும் ஜிப்பும் ஃபைபர் சறுக்கைக் கீறும். நைலான் அல்லது லைக்ரா டி-ஷர்ட்டும் முட்டி வரை டைட்ஸும் வீட்டிலிருந்தே கொண்டு போங்கள். வாடகைக் காஸ்ட்யூமில் எலாஸ்டிக் தளர்ந்திருந்தால் சறுக்கின் கீழே வந்து சேரும்போது கையால் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

சறுக்கில் மல்லாந்து படுத்து, கைகளை மார்பில் குறுக்கே கட்டி, கணுக்கால்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுங்கள். முழங்கையை வெளியே விட்டால் ஃபைபர் துண்டுகள் சேரும் இடங்களில் உராய்ந்து தோல் போகும். முன்னால் போனவர் நகர்ந்துவிட்டார் என்று ஊழியர் சைகை காட்டும் வரை இறங்காதீர்கள்.

தலையில் தேங்காய் எண்ணெய் வழிய வழியக் குளத்தில் இறங்குகிறவர்களுக்கு ஒரு செய்தி. எண்ணெய் குளத்துக் குளோரினை வீணாக்கும். வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்து உண்டாக்கும் பொருள்தான் கண்ணைச் சிவக்க வைக்கிறது. மூக்கில் ஏறும் அந்த 'குளோரின் வாசனை'யும் அதனுடையதுதான். இறங்கும் முன் ஷவரில் ஒரு நிமிடம் நன்றாக நனைந்தாலே பெரிய வித்தியாசம் தெரியும்.

வேவ் பூலில் அலை விடும் நேரம் வந்ததும் எல்லோரும் ஆழமான பக்கம் பாய்வார்கள். நீச்சல் தெரியாதவர்கள் முழங்கால் ஆழத்தில் நின்றாலே அலை கிடைக்கும். சின்னக் குழந்தையைக் கையைப் பிடித்து நிறுத்தாமல் இடுப்பில் தூக்கி வைத்துக்கொள்ளுங்கள். சங்கிலியை வீட்டிலேயே விட்டுவிட்டு வருவது உத்தமம். தாலிக்கொடியில் கோத்திருக்கும் ஊக்குகளையாவது காலையிலேயே கழற்றிவிடுங்கள். கூட்டத்தில் பக்கத்துக் குழந்தையின் கன்னத்தைக் கிழிக்க ஓர் ஊக்கு போதும்.

இனி நேரம். கதவு திறந்ததும் ராட்டினங்களை முடித்துவிடுங்கள். அப்போது வரிசை இல்லை, இருக்கையும் சுடாது. 12 மணிக்கே சாப்பிடுங்கள். ஒன்றரைக்குப் போனால் உணவகத்தில் நிற்கவே இடமிருக்காது. சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குச் சுற்றும் ரைடுகள் வேண்டாம், நிழலில் உட்காருங்கள். வெயில் தணியத் தொடங்கியதும் தண்ணீர். பெரும்பாலானோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: காலையில் தண்ணீரில் ஊறி, உச்சி வெயிலில் ஈரத் துணியோடு சூடான சிமென்ட் தரையில் வெறுங்காலில் குதித்துக் குதித்து ராட்டின வரிசைக்குப் போகிறார்கள்.

வெளி உணவுக்கு அனுமதி உண்டா என்பதையும் போனிலேயே கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் காரில் வைத்துச் சாப்பிடலாம். அதற்குப் புளியோதரைதான் சரி. தயிர்சாதம் வேண்டுமென்றால் பால் விட்டுப் பிசைந்து ஒரு ஸ்பூன் தயிர் மட்டும் சேருங்கள், மதியத்துக்குள் புளிக்காது. ஓஆர்எஸ் பொடியில் பெரிய பாக்கெட் ஒரு லிட்டர் தண்ணீருக்கானது. அதை ஒரு டம்ளரில் கரைத்துக் குழந்தைக்குக் கொடுத்தால் உப்பு அளவு மீறிப் போகும். 200 மி.லி.க்கான சின்னப் பாக்கெட்டும் கிடைக்கிறது.

குழந்தையின் போட்டோவை நுழைவாயிலில் எடுத்தது போதாது. காஸ்ட்யூம் மாற்றிய பிறகு இன்னொன்று எடுங்கள். தொலைந்தால் 'நீலச் சட்டை' என்று தேடும்போது குழந்தை மஞ்சளில் இருக்கும்.

பாட்டியை அழைத்துப் போய் நாள் முழுக்கப் பை காவலுக்கு உட்கார வைப்பதைத் தவறுப் பட்டியலில் சேர்க்கத் தயக்கமே இல்லை. லாக்கருக்குக் காசு கொடுத்துப் பையை அங்கே வையுங்கள், அவரும் ஒரு சுற்று ஜெயண்ட் வீல் ஏறட்டும்.

விஜிபி என்றதும் நினைவுக்கு வரும், சிலை போல அசையாமல் நிற்கும் மனிதரைச் சிரிக்க வைக்க எவ்வளவு வேண்டுமானாலும் கோணங்கி காட்டலாம். கிள்ளுவதும் மீசையை இழுப்பதும் விளையாட்டில் சேராது, அவர் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறார்.

மாலையில் கடலோரம் போனால் மணலோடு நில்லுங்கள். பூலில் நீந்திய தைரியத்தில் கடலில் இறங்கக் கூடாது. இந்தக் கரையில் நீர் உள்ளே இழுக்கும் ஓட்டம் உண்டு, இடுப்பளவில் நிற்கிறவரையும் கொண்டுபோய்விடும். ஞாயிறென்றால் நாலரைக்குள் கிளம்பிவிடுங்கள். பொழுது சாய்ந்தபின் மாமல்லபுரம், கோவளம் போன வண்டிகளும் சேர்ந்துகொள்ளும். நீலாங்கரை தாண்டித் திருவான்மியூர் சிக்னலைப் பிடிப்பதற்குள், ஈரத்துணியில் உட்கார்ந்த குழந்தைகளுக்குத் தும்மல் தொடங்கிவிடும். மாற்று உடையை டிக்கியில் அடியில் போடாமல் கைக்கெட்டும் பையில் வையுங்கள்.